கடைசிக் காட்சிக்கு ஒத்திகை இல்லை

இஞ்சாருங்கோ,

வாழ்ந்த காலமெல்லாம் உங்களை நான் கூப்பிட்டது இப்படித்தான். நீங்கள் போய்விட்டீர்கள் என்பதற்காக இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு மனமில்லை. வாசிக்கிறவர்களுக்காக மட்டும் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். எங்கள் ஊர்த் தபாற் கந்தோரில் போஸ்ட்மாஸ்டராக இருந்து, ஓய்வு நேரத்தில் நாடகம் எழுதியவருக்கு அவருடைய மனைவி எழுதும் கடிதம் இது.

நீங்கள் இறந்தபோது முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்க யாழ்ப்பாணம் முழுவதும் தேடியும் கடதாசி கிடைக்கவில்லை. உறவினர்கள் கவலைப்பட்டார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கல்வெட்டு என்றால் யாராவது ஒரு புலவரைப் பிடித்து ‘மனைவி புலம்பல்’ எழுதுவிப்பார்கள். அதில் நான் தலையை விரித்துப்போட்டு மண்ணில் புரண்டிருப்பேன். நான் புரளவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இனியும் புலம்பமாட்டேன்.

இந்த நினைவு நாளுக்கு, கோடு போட்ட கொப்பித் தாள் என்றால் அடித்துத் தரலாம் என்று அச்சகத்தில் சொல்கிறார்கள். அதுவும் நல்லதுதான். எனக்கும் இப்போது கோடு வேண்டியிருக்கிறது. கன்னியர் மடத்தில் என் எழுத்தை மற்றப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவார்கள். இன்றைக்கு அந்த எழுத்து கோட்டை விட்டுச் சரிந்து சரிந்து ஓடுகிறது. புரை விழுந்து இடக் கண் முழுதாக வெள்ளை. வலக் கண்ணில் எப்போதும் அடுப்புப் புகை. ஏன் இன்னும் வெட்டிக்கொள்ளவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஊர்ப் புதினம் முதலில். மின்சாரம் இன்னும் வரவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து எரிக்கிற விளக்குத்தான் எல்லா வீட்டிலும். உங்கள் சைக்கிளை நான் விற்கவில்லை. பின்னேரங்களில் அதை நிறுத்திவைத்து, யாராவது ஏறி மிதிக்க, டைனமோவில் ரேடியோ செய்தி சொல்லும். மிதிக்கிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவருக்கும் குரல் இழுபடும். நீங்கள் இருந்தால் இதை வைத்தே ஒரு காட்சி எழுதியிருப்பீர்கள்.

நவரத்தினம் சுகம். உங்கள் நாடகங்களில் மந்திரி வேடம் கட்டுகிற நவரத்தினம்தான். அவன் கொண்டக்டராக இருந்த பஸ் ஓடுவதில்லை. இப்போது கொடிகாமம் சந்தையிலிருந்து தேங்காயும் மரக்கறியும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறான். வாசிகசாலைத் தலைவர் இன்னமும் சிவலிங்கம்தான். என் சின்னம்மாவின் மகன், உங்கள் எல்லா நாடகங்களிலும் இராசா. குரல் போதாது, நடை காணும் என்பீர்கள். நடை அப்படியே இருக்கிறது.

இவ்வருட வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு உங்கள் நல்லூர் நாடகத்தையே போட்டார்கள்.

அந்த நாடகம் எங்கேயிருந்து வந்தது என்று ஊரில் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆகவே எழுதிவைக்கிறேன். பல இயக்கப் பெயர்களில் பெடியள் துவக்கோடு திரிந்த காலம். ஒரு நாள் எல்லாரையும் பள்ளிக்கூட வளவுக்கு வரச் சொன்னார்கள். நடுவில் சைக்கிள் கடைச் சின்னத்தம்பியை நிறுத்தியிருந்தார்கள்.

“இந்தாள் ஆமிக்குத் தகவல் குடுக்கிறவர் எண்டு சொல்லுகினம். உங்களுக்கும் தெரியும்தானே?”

சனம் தலையை ஆட்டியது. முன்வரிசையில் இருந்தவர்கள் ஆட்ட, பின்னுக்கு இருந்தவர்களும் ஆட்டினார்கள். நீங்கள் மட்டும் சால்வையைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு எழும்பினீர்கள்.

“தம்பி, எனக்குத் தெரிஞ்சது, இவர் என்ரை சைக்கிளுக்கு ஒட்டுப் போடுறவர். தெரியாததைத் தெரியும் எண்டு நான் சொல்லமாட்டன்.”

“அப்ப இத்தினை பேரும் பொய்யோ ஐயா?”

“ஒருதரும் ஒண்டும் சொல்லேல்லையே. தலையைத்தானே ஆட்டினவை. வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கோ, கேப்பம்.”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படியும் சின்னத்தம்பியைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அவருடைய கடையில் இருந்த காற்றடிக்கிற பம்ப் பிறகு யார் வீட்டுக் கொட்டிலில் நின்றது, கடை நின்ற காணித் துண்டை யார் வேலி போட்டு அடைத்தார்கள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். மறுநாள் காலையில் அவருடைய மனைவி நம் வீட்டுப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்று, “ஒரு ஆளெண்டாலும் சொன்னியளே ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நீங்கள் அன்று சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து எழுதத் தொடங்கினீர்கள்.

நல்லூர் இராசாவுக்குத் தென்மராட்சித் தலைவன் ஒருவனுடைய காணியில் கண். அவன் பறங்கியருக்கு விலைபோன துரோகி என்று சபையிலே மந்திரி சொன்னால் காணி கைக்கு வந்துவிடும். மந்திரிக்கும் பங்கு உண்டு. மந்திரி சொல்லமாட்டான். கடைசிக் காட்சி அவ்வளவுதான். இராசா வாளைக் காட்டுவான். மந்திரி சொல்வான்: “அரசே, என் தலை உங்கள் வாளுக்குச் சொந்தம். என் நாக்கு எனக்குச் சொந்தம்.”

அந்த வரியில் எனக்கும் பங்கு உண்டு என்று நீங்களே நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறீர்கள். வகுப்பில் கேள்வி கேட்டால் தலையாட்டுகிற பிள்ளையைக் கன்னியர் மடத்தில் எங்கள் மதருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. “மாடு தலையாட்டும். நீ வாய் திறந்து முழு வசனத்தில் பதில் சொல்” என்பார். சோற்றுக்கு உப்புக் காணுமா என்று நான் கேட்டு நீங்கள் தலையாட்டியபோதெல்லாம் உங்களுக்கும் அதையே சொன்னேன். பிறகு வேறொரு நாட்டுப் படை வந்து, சாக்கால் முகத்தை மூடிய ஆட்களை இருத்தி, அவர்கள் தலையாட்டினபடி ஊர்ப் பிள்ளைகளைப் பிரித்தெடுத்தபோது நீங்கள் என்னைப் பார்த்து, “உம்மடை மதர் ஒரு தீர்க்கதரிசி” என்றீர்கள். நினைவிருக்கிறதா?

கடைசிக் காட்சிக்கு ஒத்திகை பார்ப்பதில்லை என்பது உங்கள் வழக்கம். அது வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் முதல் நாடகத்துக்கு வாசிகசாலை முற்றத்திலேயே ஒத்திகை. ஊர்க் குஞ்சு குருமான் எல்லாம் மதிலில் ஏறி இருந்து கேட்டுப் பாடமாக்கிவிட்டுதுகள். விழாவன்று நவரத்தினம் வாயைத் திறக்குமுன்னே, முன்னால் இருந்த பிள்ளைகள் ஒரே குரலில் அவனுடைய வசனத்தைக் கத்திச் சொல்லிவிட்டுதுகள். அவன் திறந்த வாயோடு நின்றான். அன்றைக்குச் சட்டம் போட்டீர்கள்: கடைசிக் காட்சி ஒருவருக்கும் பாடமில்லை, சீலைத் திரைக்குப் பின்னால் இருந்து நான் மெதுவாக எடுத்துக் கொடுக்க, அவர்கள் அங்கேயே வாங்கிச் சொல்லவேண்டும். அதன்பிறகு எத்தனை நாடகம்! திரைக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள் என்று சபைக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. ஒரு சொல் முன்வரிசைக்குக் கேட்டாலும் அது என் பிழை என்று வைத்திருந்தேன்.

விழாவுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் சிவலிங்கம் வீட்டுக்கு வந்தான்.

“அக்கா, ஒரு சின்ன மாற்றம்.”

“சின்ன மாற்றத்துக்கு ஏன் தம்பி கல்யாணச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தனி?”

சிரித்தான். உட்காரவில்லை. இயக்கத்தின் பகுதிப் பொறுப்பாளர் விழாவுக்கு வருகிறாராம். துரோகி என்று சொல்லமாட்டேன் என்கிற மந்திரியை அவர் முன்னால் மேடையேற்ற முடியாதாம். “கடைசியிலை மந்திரி, ‘ஆம் அரசே, அவன் துரோகிதான்’ எண்டு சொல்லட்டும். நான் வாளை உருவுவன். சனம் கைதட்டும். அவ்வளவுதான்.”

“ஆர் எழுதினது?”

“நான்தான்.”

“நினைச்சன்.”

பிறகு மெதுவாக என் கண் விஷயத்துக்கு வந்தான். இங்கே வெட்டலாம், உள்ளே வைக்கிற வில்லை இல்லை, கொழும்புக்குப் போங்கோ என்று டொக்டர் சொன்னதும், போவதற்கு இயக்கத்திடம் பாஸ் என்கிற அனுமதித் துண்டு கேட்டு நான் அலைந்ததும் அவனுக்குத் தெரியும். “உங்கடை அலுவல் நான் கதைச்சிட்டன் அக்கா. நாடகம் நல்லபடி முடிஞ்சால் அடுத்த கிழமை பாஸ் கையிலை. கிளாலிக் கடலாலை வள்ளத்திலை ஏத்திவிடவும் ஆள் பாத்து வைச்சிருக்கிறன். வதனியின்ரை பிள்ளையின்ரை முகத்தைப் பாக்கவேண்டாமே?”

நம் மகளுக்கு ஒரு பெண் குழந்தை. நீங்கள் போன பிறகு கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்தது. படம் அனுப்பியிருக்கிறாள். நான் அதை ஜன்னலடியில் பிடித்து, சரித்து, கிட்டக் கொண்டுவந்து பார்க்கிறேன். ஒரு வெள்ளைச் சட்டையும் அதற்கு மேலே ஒரு நிழலும் தெரிகிறது. நான் கல் இல்லை. பாஸ் என்ற சொல்லைக் கேட்டவுடன் எந்தச் சேலையைக் கொண்டுபோவது என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

சிவலிங்கமும் கெட்டவன் இல்லை. “என்ரை மூத்தவனுக்கும் பாஸ் கேட்டிருக்கு அக்கா. அவனை இஞ்சை வைச்சிருக்கேலாது, இயக்கத்துக்குப் போயிடுவான்” என்றான்.

“உன்ரை பிள்ளைக்காக நீ ஆரிட்டையும் போய்க் கேள். நான் பிழை சொல்லமாட்டன்,” என்றேன். “அதுக்கு ஏன் செத்துப்போன மனுசன்ரை வாயிலை உன்ரை வசனத்தை வைக்கிறாய்?”

“செத்த அத்தானுக்கு உதெல்லாம் தெரியப்போகுதே?”

“எனக்குத் தெரியும்.”

நாடகத்தைத் தரமாட்டேன் என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கலாம். அது சுகமான வழி. கையும் சுத்தம், பேச்சும் இல்லை. ஆனால் பூட்டிவைத்த வசனத்தை யார் கேட்பது? ஆகவே அவனுக்கு நேரே சொன்னேன். “திரைக்குப் பின்னாலை நான் இருந்தால், எழுதினதைத்தான் எடுத்துக் குடுப்பன். புதுசு வேணுமெண்டால் வேறை ஆளைப் பாருங்கோ. பிறகு சொல்லேல்லை எண்டு சொல்லாதை.”

அவன் அதை நம்பவில்லை. பெருமைக்காரி, ஒரு சுற்றுக் கதைத்துவிட்டு இறங்கிவருவாள் என்று நினைத்தான். “நீங்கள் படிச்ச ஆள், யோசிச்சுச் செய்வியள்” என்று சொல்லிப் போனான். நான் யோசித்துவிட்டேன் என்பது அவனுக்கு விளங்கவில்லை. பேரம் பேசிப் பழகியவர்களுக்கு வெறும் ‘இல்லை’யும் பேரமாகவே கேட்கும் போலிருக்கிறது.

நவரத்தினத்துக்கும் மறைக்கவில்லை. தேங்காய்ச் சாக்கோடு படலையில் நின்றவனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தலையைச் சொறிந்தான்.

“மாஸ்டரம்மா, எனக்கு ரெண்டு வசனமும் ஞாபகம் நிக்காது. நீங்கள் சொல்லுறதை நான் சொல்லுறன்.”

“அப்பிடிச் சொல்லக்கூடாது. மேடையிலை நிக்கிறது நீ. உனக்குப் பிள்ளையள் இருக்கு. தம்பி சிவலிங்கம் எழுதினது ஒரு வரிதானே, வேணுமெண்டால் பாடமாக்கு. நீ அதைத் தொடங்கினால் நான் எழும்பி வீட்டை போவன். உன்னோடை கோவமும் இல்லை.”

“பாப்பம்” என்றான். அவன் ‘பாப்பம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?

விழாவன்று, மின்சாரம் இல்லாதபடியால் வெயில் தாழவே தொடங்கிவிட்டோம். பாதியில் குண்டு வீச்சு விமானத்தின் இரைச்சல். சனம் கலைந்து ஓடியது. இராசாவும் மந்திரியும் ஒரே பங்கருக்குள் இறங்க, சிவலிங்கத்தின் கிரீடம் வாசலில் மாட்டிக்கொண்டது. “கழட்டிப்போட்டு இறங்கும் ராசா, உயிரோடை இருந்தால்தானே ஆளலாம்” என்று யாரோ உள்ளேயிருந்து கத்தினார்கள். விமானம் பலாலிப் பக்கம் போய்விட்டது. எல்லாரும் வந்து அதே இடத்தில் இருந்தார்கள். பொறுப்பாளரும் தன் கதிரையில் இருந்தார். சின்னப் பெடியன்தான். நம் வதனியை விட இளையவன் என்று குரலில் தெரிந்தது.

கடைசிக் காட்சி. நான் இரண்டு சேலைகளைச் சேர்த்துக் கட்டிய திரைக்குப் பின்னால் முக்காலியில் இருந்தேன். கையில் கொப்பி இருந்தது, வழக்கத்துக்காக. எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. தேவையும் இல்லை.

இராசா கேட்டான்: “மந்திரி, சபையறியச் சொல். அவன் துரோகியா இல்லையா?”

நான் வரியை எடுத்துக் கொடுத்தேன், எப்போதும் போல் மெதுவாக.

நவரத்தினம் பேசவில்லை. அவனுடைய மூச்சு எனக்குக் கேட்டது. இன்னொரு முறை கொடுத்தேன். பேச்சில்லை. சிவலிங்கம் தன் வரியை அடிக்குரலில் அவனுக்குச் சொன்னான்: “ஆம் அரசே... ஆம் அரசே எண்டு சொல்லடா.” அதற்கும் பேச்சில்லை. பிள்ளைகளை நினைத்தானோ, கொடிகாமப் பாதையை நினைத்தானோ, உங்களை நினைத்தானோ.

அப்போதுதான் நான் வாய் திறந்தேன். பின்வரிசைக்கும், பூவரசுக்குக் கீழே நின்றவர்களுக்கும், றோட்டால் போனவர்களுக்கும் கேட்க, முழுக் குரலில், முழு வசனமாக: “அரசே, என் தலை உங்கள் வாளுக்குச் சொந்தம். என் நாக்கு எனக்குச் சொந்தம்.”

நவரத்தினம் திரைப் பக்கம் திரும்பினான். மேடையில் செய்யக்கூடாத காரியம். நீங்கள் என்றால் ஏசியிருப்பீர்கள்.

“கேக்குது மாஸ்டரம்மா. ஏன் கத்துறியள்? நான் சொல்லத்தானே போறன்.”

சனம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, அவன் இராசாவின் பக்கம் திரும்பி, ஒரு சொல்லும் பிசகாமல், உங்கள் வரியைச் சொன்னான். என்னைவிட நன்றாகச் சொன்னான். சொல்லும்போது தலைப்பாகையை அவிழ்த்து இராசாவின் காலடியில் வைத்தானாம். அது நீங்கள் எழுதாதது. அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

இப்போது இராசாவுக்கு வசனமில்லை. உருவின வாளோடு சிவலிங்கம் நின்றான். அவனை அந்தரத்தில் விடுவது சரியில்லை. அவனுக்கும் மெதுவாக எடுத்துக் கொடுத்தேன்: “சபை கலையட்டும்.” எத்தனை வருடப் பழக்கம்! வாங்கிச் சொல்லிவிட்டான். திரை விழுந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. ஆனால் நெடுநேரம் ஒருவரும் எழும்பவும் இல்லை.

திரை மறைவிலேயே அவன் என் மேல் பாய்ந்தான். “என்ரை பிள்ளையைக் கொன்றுபோட்டியள் அக்கா!”

“போய்ச் சொல்லு, எல்லாம் அந்தக் கிழவியின்ரை வேலை எண்டு. பொய்யில்லையே. ஊர் முழுக்க என்ரை குரலைத்தானே கேட்டது. பழியை என்ரை தலையிலை போடு. தலையைப் பற்றி எனக்குக் கவலையில்லை.”

அப்படியே சொன்னான். நல்லது. அவனுடைய மகன் போன மாதம் கிளாலியைக் கடந்துவிட்டான். நான் செல்வச்சந்நிதி முருகனுக்கு ஒரு கற்பூரம் கொடுத்துவிட்டேன். உண்மையாகவே சந்தோஷம்.

என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சேலை உடுத்துப் போனேன். அதே பொறுப்பாளர்தான்.

“அம்மா, நாடகத்திலை நீங்கள் ஆரைச் சொல்லுறியள்?”

“நல்லூர் ராசாவைத் தம்பி. அவர் செத்துக் கனகாலம். உமக்கு ஏன் சுடுது?”

பிறகு, மரியாதையாகத்தான், சொன்னார்: நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து இரண்டு வரி எழுதித் தந்தால் பாஸைப் பற்றி யோசிக்கலாம். நான் முழு வசனத்தில் பதில் சொன்னேன்: “நான் வருந்தவில்லை, ஆகவே வருந்துகிறேன் என்று எழுதமாட்டேன்.” போகலாம் என்றார். வாசற்படி தெரியாமல் நான் தடுமாறியபோது எழுந்துவந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அந்தக் கையை நான் உதறவில்லை. அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. தாய்மார் நாங்கள் சொல்வதைக் கேட்டுப் பழகினது காணாது.

நவரத்தினத்தை ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. “அது சொல்லிக் குடுத்ததைச் சொல்லுற கிளி” என்று விட்டுவிட்டார்களாம். அவனுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம். “நான் யோசிச்சுத்தானே சொன்னனான் மாஸ்டரம்மா” என்று என்னிடம் முறையிட்டான். ஆகவே இங்கே எழுதுகிறேன், எல்லாரும் வாசிக்கட்டும்: அவன் யோசித்துத்தான் சொன்னான்.

வதனி அழுது அழுது எழுதுகிறாள். இரண்டு வரிதானே அம்மா, எழுதிக் கொடுத்தால் என்ன, கண்ணை விடவா அது பெரிது என்கிறாள். அவள் கேட்பது பிழையா? பேத்தியின் முகத்தை ஒருநாளும் பார்க்காமல் போய்விடுவேனோ என்று நான் நினைப்பதே இல்லையா? நினைக்கிறேன். நினைத்துவிட்டு எழும்பி வேலையைப் பார்க்கிறேன். நீங்கள் வளவில் எழும்பி நின்ற அன்று உங்களுக்கு மட்டும் வீட்டு நினைவு இல்லாமலா இருந்தது?

இரண்டு வரி கேட்டார்கள். நான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். இதுதான் என் பதில். அச்சகத்துத் தம்பி பயந்தால் குற்றமில்லை. கண்ணில் மிச்சம் இருக்கிற வெளிச்சத்தில் கையால் பிரதி எழுதி வாசிகசாலை மேசையில் கொண்டுபோய் வைப்பேன். எழுத்து சரிந்திருக்கும். வசனம் சரிந்திராது.

ஒரு வாக்குத் தருகிறேன். இந்த நாடகத்தை இன்னும் எத்தனை பேர் எந்தக் காலத்தில் மேடையேற்றினாலும், நான் உயிரோடிருக்கும்வரை, யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்த முக்காலியில் என்னை இருத்தட்டும். திரைக்குப் பின்னால் இருக்கிறவளுக்குக் கண் எதற்கு? நீங்கள் எழுதியதையே எடுத்துக் கொடுப்பேன். முதலில் மெதுவாக. கேட்காவிட்டால், ஊருக்கே கேட்க.

தலையாட்டாமல்,
உங்கள் பெண்சாதி
புவனேஸ்வரி